விலை ஏறும் வரை

கரை கண்ணுக்குத் தெரிந்தும் எரிவாயுக் கப்பல் நாள்கணக்கில் கடலிலேயே நின்றது. கச்சா எண்ணெயோடு எரிவாயு விலையும் அந்த வாரம் சரிந்துகொண்டிருந்தது. இறக்கும் நாளின் விலைதான் சரக்குக்கு. அதனால் விலை ஏறும் வரை மிதந்துகொண்டிருக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டிருந்தார். கீழே, சமையல்காரர் பிச்சையா குடல்வால் வீங்கிச் சுருண்டு கிடந்தார். இந்த அலையில் படகு அனுப்ப முடியாது, கப்பல் உள்ளே வந்தால்தான் உண்டு என்று துறைமுகத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

கேப்டன் காதர்மைதீன் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை ஏறிடும்யா. அதுவரைக்கும் மாத்திரையக் குடு" என்றார் முதலாளி.

கீழே போயிருந்த சுக்கான்காரன் ரொசாரி சிரித்துக்கொண்டே வந்தான். "வலி பட்டுன்னு நின்னுபோச்சாம் கேப்டன்! நான் இல்லாம சாம்பார எவன் கெடுத்தான்னு கேக்காரு."

கேப்டனின் முகம் வெளுத்தது. குடல்வால் வெடித்தால்தான் வலி அப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"உள்ள போறேன் முதலாளி."

"வேலை போயிரும், பாத்துக்க."

"சரி முதலாளி."

ரொசாரியின் சிரிப்பு நின்றது. சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினான். துறைமுகத்துக்குத் தகவல் சொன்னதும், பொறுப்பைத் துணை அதிகாரியிடம் விட்டுக் கேப்டன் கீழே ஓடினார். பிச்சையா கண்மூடிக் கிடந்தார். அவர் உள்ளங்கைக்குள் தன் விரல்களை வைத்து, அந்தக் கை அவற்றை இறுகப் பிடிக்கட்டும் என்று இறைவனை வேண்டியபடி கேப்டன் உட்கார்ந்திருந்தார்.