விளக்கு இறக்காத கிணறு

வில்லியனூர் போயிருந்த பவுனம்மாள் மாலையில் பாகூர் திரும்பினாள். பிரெஞ்சு துரை எப்போதோ விட்டுப்போன அவுரிச்சாயத் தொட்டிகளுக்குப் பின்னால், பாழடைந்த கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது.

"யாரு வுழுந்தது?" என்று ஓடினாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. தரையில் அவள் கணவன் ஆதிமூலத்தின் உடல் கிடந்தது.

"வுழல, எறங்கினாரு. உள்ள விஷக்காத்து" என்றார் பக்கத்து வீட்டு நடேசன்.

"கெணறு வெட்டுறவருக்கு அது தெரியாதா? மொதல்ல விளக்க எறக்கி, அது அணையாம இருந்தாத்தானே எறங்குவாரு! இருவது வருசமா அப்படித்தானே!"

"விளக்கு எடுத்தாறேன், நில்லுன்னு நானும் கத்தினேன். 'அதுக்குள்ள அவ செத்துடுவா'ன்னு கயித்தப் புடிச்சி எறங்கிட்டாரு."

"எவ? உள்ள யாரு இருந்தா?"

நடேசன் தலைகுனிந்தார். "யாருமே இல்லம்மா. காலையில சண்ட போட்டுக்கினு, பாழுங்கெணத்துல வுழுந்து சாவறேன்னு சொல்லிட்டுப் போனியாமே."

பவுனம்மாள் கணவனின் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"கோவத்துல சொன்னதுய்யா... நான் எங்கம்மா வூட்டுக்குத்தான் போனேன்."