நகத்தில் நிற்கும் முள்

மீன் சிக்குவது தூண்டில் முள்ளினால் அல்ல, மனிதனின் மனவுறுதியால். நெஹேலம் ஆற்றில் தொடையளவு நீரில் நின்றபடி ட்ராவிஸ் இதை உலகுக்கு அறிவிக்கிறான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மனவுறுதியை ஒரு ஸ்டீல்ஹெட் மீனும் கவ்வவில்லை. இன்று மாலையோடு மீன்பிடிப் பருவம் முடிகிறது. தூறல் ஆல்டர் மரக் கிளைகளிலிருந்து சொட்டுகிறது. கரையில் அவன் அக்கா நெல்டா தன் முள் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு முள்ளையும் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பார்க்கிறாள். வழுக்கினால் மழுங்கல், ஒதுக்கிவிடுகிறாள். நகத்தில் தைத்து நின்றால்தான் நூலில் கட்டுகிறாள். “என்னக்கா, ஆத்துக்கு வந்து நகத்துக்குப் பாலிஷ் போடுறியா?” “நீ உன் தூண்டில்ல இருக்குற அந்தப் பெரிய கொக்கியில கோட்டை மாட்டுடா, காயட்டும்.” அப்போது அவன் தூண்டில் கழி வில்லாக வளைகிறது. வெள்ளி உடல் ஒன்று நீருக்கு மேலே புரண்டு மின்னுகிறது. அடுத்த கணம் நூல் தொய்ந்துவிடுகிறது. “மனவுறுதி வழுக்கிருச்சா தம்பி?” “அது நோஞ்சான்க்கா. நானாத்தான் விட்டேன்.” தாடையை நிமிர்த்திக்கொண்டே கரையேறுகிறான். நெல்டா காபி ஊற்றத் திரும்புகிறாள். ட்ராவிஸ் தன் முள்ளை நகத்தின் மேல் மெல்ல இழுக்கிறான். வழுக்குகிறது. சத்தமில்லாமல் அவள் டப்பாவிலிருந்து சின்ன முள் ஒன்றை எடுத்து, அதையும் இழுத்துப் பார்க்கிறான்.