மூணு இஞ்ச்

"பெரிய டயர் எல்லாம் வேணாம் தம்பி. அடியில இருக்குற சேசிஸ் சட்டத்துலேருந்து பாடியை மட்டும் மூணு இஞ்ச் தூக்கிக் குடு, போதும்."

சொன்னவர் ஐம்பதைத் தாண்டியவர். அவர் கொண்டுவந்திருந்த ஜீப்புக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் காலத்து வண்டி. மெக்கானிக் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தான்.

"டயர் மாத்தாம பாடியை மட்டும் தூக்குறது, கல்யாணம் பண்ணாமலே மாமியார் வீட்டுக்குப் போற மாதிரிண்ணே. எதுக்கு இந்த வேலை?"

"என் வீட்டுக்காரிக்கு இடம் பத்தல."

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கின் மனைவி எட்டிப் பார்த்தாள். பட்டறையில் நெருப்பு வேலை எல்லாம் அவள் பொறுப்பு. வாயும் அப்படித்தான், சும்மா இருக்காது.

"ஏண்ணே, அண்ணி கொஞ்சம் பூசின மாதிரி இருப்பாங்களோ?"

"இல்லம்மா. கொடி மாதிரி இருப்பா. இப்ப இன்னும் ஒல்லியாயிட்டா." அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு பள்ளத்துலயும் 'அம்மா'ன்னு முனகுறா. என்னால கேக்க முடியல. இதுக்கு மேல தாங்காது, உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு நேத்து சொல்லிட்டா. அவ போயிட்டா எனக்குன்னு யார் இருக்கா?"

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கிண்டல் போய்விட்டது. ஆனாலும் தொழில் தர்மம் ஒன்று இருக்கிறதே.

"அண்ணே, பாடியைத் தூக்கினா சீட்டும் கூரையும் சேர்ந்துதான் மேல போகும். உள்ள ஒரு விரல் இடம்கூட அதிகமாகாது. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல காத்து வேணா தாராளமாப் போகும்."

"பரவாயில்ல. நீ தூக்கு."

எப்படியோ போகட்டும், வண்டி அவருடையது என்று விட்டுவிட்டான் மெக்கானிக். "சரி, அண்ணியையும் வரச் சொல்லுங்க. முடிஞ்சதும் பாத்துடட்டும்."

"வந்திருக்கா. முடியட்டும், அவளே சொல்லுவா."

மெக்கானிக் தெருவைப் பார்த்தான். எதிரே துணிக்கடையில் இரண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான்.

ஸ்டீயரிங் தண்டைக் கழற்றினான். ரேடியேட்டர் பக்கம் இழுபடக்கூடிய குழாய்களைத் தளர்த்தினான். அடுத்தது பாடியைச் சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். இந்த வயது வண்டியில் அவை துருவேறி, உயிரை எடுக்கும்; பாதி போல்ட் தலை உடைந்துதான் வரும். இன்றைக்கோ ஸ்பேனர் வைத்த மாத்திரத்தில், யாரோ அந்தப் பக்கத்திலிருந்து திருகிவிட்டதுபோல ஒவ்வொன்றும் சுழன்று வந்தது. அவனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை.

தகரம் நசுங்காமல் இருக்கப் பலகை வைத்து, அதன்கீழ் ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினான். பாடி மெல்ல எழுந்தது. நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத பாரம், ஜாக்கிக் கைப்பிடியில் ஒரு கனமும் தெரியவில்லை.

"பாத்தியா, உன் புருஷன் பலத்தை?" என்றான் மனைவியிடம்.

டார்ச் பிடித்துக் குனிந்திருந்த அவள் வெளிச்சத்தை இடுக்கில் திருப்பினாள்.

"ஏங்க... பலகை பாடியைத் தொடவே இல்லங்க."

அவன் குனிந்து பார்த்தான். ஜாக்கியும் பலகையும் கீழே நிற்க, பாடி அதற்கு மேலே தானாக நின்றுகொண்டிருந்தது.

"கட்டையை எடு! சீக்கிரம்!"

போல்ட் இருந்த இடங்களில் வைக்க வேண்டிய உருளைக் கட்டைகளை அவள் எடுத்து நீட்ட, அவன் இடுக்கில் கையை நுழைத்தான். முழங்கை வரை சில்லென்றது. ஏதோ இடித்தது.

"கொஞ்சம் ஒதுங்கிக்க. தம்பி கையை விட்டு வேலை பாக்கணும் இல்ல?" என்றார் வண்டிக்காரர், பக்கத்தில் குந்தியபடி.

முன்பின் தெரியாத ஆள் உரிமையோடு அதட்டியது மெக்கானிக்கின் மனைவிக்குச் சுருக்கென்றது. முறைத்துக்கொண்டே நகர்ந்து நின்றாள். அவன் கையில் இடித்தது எதுவோ, அதுவும் நகர்ந்தது. எலிதான், வேறென்ன என்று அவன் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு கட்டைகளைச் செருகி, நீள போல்ட்டுகளை மாட்டி இறுக்கினான். ஸ்டீயரிங் தண்டை நீட்ட ஒரு இணைப்புத் துண்டு போட்டான். கியர் எல்லாம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்தான். பம்பர் தாங்கியை அவள் வெல்டிங் வைத்து முடித்தாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

"முடிஞ்சதுண்ணே. அண்ணியைக் கூப்பிடுங்க. உக்காந்து பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லட்டும்."

வண்டியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மரியாதைக்காக டிரைவருக்கு அடுத்த பக்கத்துக் கதவை அவனே திறந்தான். வேலைப் பதற்றத்தில் இதுவரை கவனிக்காதது இப்போதுதான் கண்ணில் பட்டது: உள்ளே ஸ்டெப்னி டயரும் எண்ணெய் டின்னும் தூசியேறிக் கிடந்தன. பின்னாலும் வெறும் தகரம்தான்.

"என்னண்ணே, டிரைவர் சீட்டைத் தவிர வேற சீட்டே இல்ல! அண்ணி எங்க உக்காருவாங்க?"

"முன்ன ஒருதடவை வண்டி உருண்டப்ப அடியில போய்ச் சிக்கி உசுர விட்டவ தம்பி. அதுக்கப்புறம் அவ மேல வர்றதே இல்ல" என்ற அவர், வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, புதிதாக விரிந்திருந்த அந்த இடுக்கில் வாயை வைத்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து, ரொம்ப நாளாய் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டபடி ஒரு பெண் குரல் சொன்னது:

"அப்பாடா!"