கடைசி வண்டிக்குப் பின்

ஊம்ப்ரியா மலைச்சாலையின் வளைவில் அன்று நின்றவர்கள் மூவர்: அரிஸ்தீதே, அவருடைய இறந்துபோன தம்பி எலியோவின் மனைவி நீவெஸ், எலியோவின் மெக்கானிக் கால்தினோ.

எலியோ பதினோரு ஆண்டுகள் கார்ப் பந்தயம் ஓட்டியும் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. சொந்த ஊர் வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்து, நீவெஸ் உரித்து நீட்டும் ஆரஞ்சை வாங்கிக்கொண்டுதான் போவான். அவன் போன பிறகும் பந்தய நாளில் அவள் ஆரஞ்சோடு வந்து நின்றாள்.

"ஊரே சிரிக்குது நீவெஸ். நம்ம குடும்பப் பேரு என்னாகிறது? வா, வீட்டுக்குப் போகலாம்," என்றார் அரிஸ்தீதே.

"கொஞ்சம் பொறுங்க அத்தான். அவரு என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காரு?"

கால்தினோ சிரித்தான். "இந்த ஆரஞ்சு மட்டும் இல்லைன்னா ரெண்டு கோப்பையாவது வாங்கியிருப்பான் நம்ம ஆளு."

கடைசி வண்டியும் கடந்துபோனது. வெறும் சாலையில் ஓர் எஞ்சின் சத்தம் ஏறி வந்து, வளைவில் தணிந்து, மறுபடி வேகமெடுத்து மலைப்பக்கம் போனது. கால்தினோ தொப்பியைக் கழற்றினான். நீவெஸின் கையில் ஆரஞ்சு இல்லை. உள்ளங்கையில் எண்ணெய்க் கறை இருந்தது.

அரிஸ்தீதே கைக்குட்டையை நீட்டினார். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஆரஞ்சை உரித்தவர் அவர்தான்.

எலியோ ஜெயிக்கத்தான் திரும்பி வருகிறான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஜெயிக்க வருகிறவன் அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க மாட்டான்.