தனியாக வாழ்வோர் ஆய்வு

தனியாக வாழ்பவர்களைப் பற்றி எழுத அவளுக்கு ஒரு மானிடவியல் உதவித்தொகை கிடைத்திருந்தது. அந்தச் சாக்கில் சனிக்கிழமை தவறாமல் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டு மணியை அழுத்துவாள்.

"இந்த வாரம் யார்கிட்டயாவது பேசினீங்களா சார்?"

"நீ வந்தாத்தாம்மா பேச்சே. இரு, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போன வேகத்திலேயே ஆவி பறக்கும் டீயோடு திரும்பினார்.

"சரி, நீ யாரோட பேசுவே?"

"கேள்வி கேட்க வந்தவ நான் சார்" என்று சிரித்து மழுப்பினாள்.

"உதவித்தொகை ஒழுங்கா வருதா?"

"வருது சார்."

பொழுது சாயும்வரை பேசிவிட்டுத்தான் கிளம்பினாள். பாதிப் படி இறங்கியதும் குடை ஞாபகம் வர, திரும்பி ஏறினாள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நான் சமையல்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டு டீ போடறது? பொண்டாட்டி இருக்கான்னு சொல்லித் தொலைங்களேன்."

"முதல் நாள் நீ ஊருக்குப் போயிருந்தே, தனியா இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டேன். இப்போ உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு வராது. பாவம், பேச நம்மளை விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

குடை அங்கேயே கிடக்கட்டும் என்று அவள் சத்தமில்லாமல் இறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மணியை அழுத்திவிட்டு, அந்த அம்மா சமையல்கட்டுக்குள் போய்ச் சேரட்டும் என்று பொறுமையாக நின்றாள்.

உதவித்தொகை எப்போதோ நின்றுபோனதை அவளும்தான் இன்னும் சொல்லவில்லை.