மூன்று கோடு

காட்டுச் சிறையில் கோஷ்டிகளை இனம் காண்பதில் ஏட்டு செவலையை மிஞ்ச வேறு நாய் கிடையாது. எந்த மிருகமானாலும், வால் நுனி வெட்டியிருந்தால் பூனைக் கோஷ்டி. முதுகில் கரிக்கோடு இருந்தால் பெருச்சாளிக் கோஷ்டி. இரண்டையும் ஒரே கொட்டடியில் அடைத்தால் ரத்தக்களறிதான். அதனால் எவன் வந்தாலும் வாசலிலேயே திருப்பி நிறுத்திப் பார்த்துவிடுவார்.

ஒருநாள் கொய்யாப்பழம் திருடிய கேஸில் ஓர் அணில் வந்தது.

"ஆளுக்கு ஒரு கோடுதான் போடுவானுங்க. உனக்கு மூணா? அப்ப நீ பெரிய கை," என்றார் செவலை.

"ஏட்டையா, இது பொறக்கும்போதே இருந்ததுங்க."

"உள்ள வர்றவன் எல்லாம் இப்படித்தான் எதையாவது சொல்றான்," என்று அணிலைப் பெருச்சாளிக் கொட்டடிக்குள் தள்ளினார்.

மறுநாள் கஞ்சி வரிசையில் பூனைக் கோஷ்டி பாய்ந்து அணிலின் காதைக் கிழித்தது. பெருச்சாளிக் கோஷ்டிதான் குறுக்கே விழுந்து காப்பாற்றியது. அன்று சாயங்காலமே அணில் அவர்களிடம் முதுகைக் காட்டி, கரியால் நாலாவது கோடு போட்டுக்கொண்டது.

செவலைக்கு வால் ஆடி ஓயவில்லை. "முதல் நாளே சொன்னேனா இல்லையா?" என்று மற்ற காவல் நாய்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, மனுப் போட்டு மகனைப் பார்க்கத் தாய் அணில் வந்தது. செவலை மனுவை வாங்கவில்லை. முதுகைப் பார்த்தார்.

"வாம்மா," என்று கதவை அகலத் திறந்தார். "உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."