ஹோஷி என்றொரு குதிரை

ஒரு குதிரையின் பெயரைக் கேட்பதற்காக ஒருவர் இரண்டு பஸ் மாறி மலையேறி வந்திருக்கிறார் என்பதை மட்சுயோவால் நம்ப முடியவில்லை.

ஊறுகாய்க்கு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு அவரை அடுப்பங்கரைத் தரையில் உட்கார வைத்தாள்.

வந்தவர் இவபுச்சி. போரின்போது இந்த வட்டாரத்து ஆட்களைத் திரட்டி அனுப்பிய காலாட்படை டிவிஷனில் சுமைக்குதிரை ஓட்டியவர். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து, பிழைத்து வந்தவர்கள் கூடி அந்த டிவிஷனின் வரலாற்றை எழுதுகிறார்கள். போன ஊர்கள், நடந்த சண்டைகள், செத்தவர்களின் பெயர்கள் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. குதிரைகளுக்கு மட்டும் ராணுவம் வெறும் எண்தான் கொடுத்திருந்தது.

"நான் ஓட்டின குதிரையை நூத்திப் பதினேழுன்னு எழுத எனக்கு மனசு வரலம்மா."

குளம்பில் சுட்டிருந்த அந்த எண்ணை வைத்து, எந்த வீட்டுக் குதிரை என்று கிராம அலுவலகத்தில் தேடிப் பிடித்திருந்தார்.

"ஹோஷி," என்றாள் மட்சுயோ. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால், நட்சத்திரம் என்று பொருள்படும் அந்தப் பெயர். அதை வாய்விட்டுச் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது.

இவபுச்சி நோட்டில் எழுதிக்கொண்டார். "பேரு தெரியாம மூணு வருஷம் நான் அவனை 'மாப்ளே'ன்னு கூப்பிட்டேன். அதுக்கும் திரும்பிப் பார்ப்பான்."

"தீனி வெச்சா எந்தப் பேருக்கும் திரும்புவான், தின்னிப்பய!"

இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் பர்மாவைப் பற்றிச் சொன்னார். பின்வாங்கி வரும் வழியில் ஒரு ஆறு, கரை தெரியாத வெள்ளம். ஹோஷி அதைப் பதினொரு தடவை நீந்திக் கடந்தான். ஒவ்வொரு தடவையும் முதுகில் காயம்பட்ட ஒருவர், வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர்.

மட்சுயோ கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் குதிரைக்கும் மனிதர்களுக்கும் ஒரே கூரைதான். குளிர்காலத்தில் அடுப்பின் சூடு லாயத்துக்கும் போகும். ராணுவம் ஹோஷியைக் கேட்ட அன்று அவள் கணவர் வயலுக்குப் போகிறேன் என்று போனவர், இருட்டும்வரை திரும்பவில்லை. அவள்தான் அவனை ரயிலடிவரை நடத்திக்கொண்டு போய் ராணுவத்திடம் விட்டாள். ஹோஷி என்ன ஆனான் என்று தெரியாமலே கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கடைசியில ஆத்தோட போயிட்டானா? தண்ணின்னா அவனுக்கு உசிரு."

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். வரலாற்றிலும் 'ஆற்றில் இழந்தோம்' என்றுதான் அச்சாகப் போகிறது.

"இல்லம்மா," என்றார் இவபுச்சி. "கரையேறிட்டான்."

நோட்டை மூடி வைத்தார்.

"அதுக்கப்புறம் ஒன்பது நாள் எங்களுக்குச் சோறு இல்லை. இருபத்தாறு பேரு."

மட்சுயோவுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை பேரு ஊர் வந்து சேந்தீங்க?"

"பத்தொன்பது."

அவள் தலையசைத்தாள். யார் கையால் என்ற அடுத்த கேள்வி நாக்குவரை வந்து நின்றது. அவர் அதற்கும் பதில் சொன்னார்.

"நான்தாம்மா செஞ்சேன். நீ பார்க்க வேணாம், தள்ளிப் போயிடுன்னு எல்லாரும் சொன்னாங்க. வேற யாரு கிட்டப் போனாலும் மிரண்டிருப்பான். என் தோள்ல தலையை வெச்சுக்கிட்டு சும்மா நின்னான்."

சொல்லிவிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார். அப்படியே கிடந்தார்.

ரயிலடியிலிருந்து திரும்பிய நாள் முதல் மட்சுயோவை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். கடைசி நேரத்தில் அவன் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருந்திருக்குமா?

"மிரளாம போனானே," என்றாள். "ரொம்ப நன்றி தம்பி. எழுந்திரு, சாப்பிடலாம்."